பேட்டரியைக் கழற்றிய வாத்தியார்

  நானும் என் துணைவியாரும் நலம். முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது.

இந்தப் பதிவு நீளமானது. போன மாதம் பித்தாகரஸ் தேற்றம் பற்றி எழுதியதற்கு, "சார், பாதியிலேயே தூங்கிட்டேன்" என்று ஒருவன் கமெண்ட் போட்டிருந்தான். அவன் வகுப்பிலும் அப்படித்தான். இருந்தாலும் இதைக் கடைசிவரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பதற்காகப் பரணில் இருந்ததை எல்லாம் இறக்கினோம். அரையாண்டு விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரன்தான் எனக்கு உதவியாள். பதினொரு வயது. நான் ஓய்வு பெற்ற நாளில் பள்ளி மேசை டிராயரை அப்படியே கவிழ்த்துக் கொண்டுவந்த தகரப் பெட்டியை அவன் திறந்தான். கரும்பலகையில் வட்டம் போடும் மரக் காம்பஸ், பழைய பாடக்குறிப்பு நோட்டுகள், காய்ந்துபோன சிவப்பு மைப் பேனாக்கள். அவற்றுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். நடுவில் சாம்பல் நிறத் திரை, கீழே மஞ்சள் பொத்தான்கள்.

"தாத்தா! இது டெட்ரிஸ்! பிரிக் கேம்! உங்களுதா?"

"இல்லப்பா."

"அப்ப யாருது?"

யாருடையது என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். டப்பாவைக் கண்டதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

1998. ஒன்பதாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியட். இயற்கணித முற்றொருமைகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், பெஞ்சுக்கு அடியில் ஒரு பையன் இந்த டப்பாவை வைத்துக்கொண்டு உலகத்தையே மறந்திருக்கிறான். பிடுங்கினேன். அதில் தப்பில்லை. எந்த வாத்தியாரும் செய்வதுதான்.

பையன் எழுந்து நின்றான். விளையாட்டுச் சாமானைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அடிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. "சார், பேட்டரிய மட்டும் கழட்டிராதீங்க சார். ஸ்கோர் அழிஞ்சிரும்" என்றான்.

வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவின் பின்மூடியைத் திறந்து, பேட்டரிகளை மேசைமேல் கவிழ்த்தேன். "கணக்குல முப்பத்தஞ்சு வாங்க வக்கில்ல, இதுல ஸ்கோரா உனக்கு?" என்றேன். வகுப்பு சிரித்தது. "அப்பாவக் கூட்டிட்டு வந்து வாங்கிக்க" என்று சொல்லி டிராயரில் போட்டேன். அவன் அழவில்லை. உட்கார்ந்துவிட்டான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவும் இல்லை. அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

இதைப் பேரனிடம் அப்படியே சொன்னேன். ஏன் பிடுங்கினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. "ஸ்கோர் எவ்ளோ இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டான்.

நான் பார்க்கவே இல்லை. முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், ஒரு பையன் பொத்திப் பொத்தி வைத்திருந்த எண்ணை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அழித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து போட்டோம். 'கீங்' என்று பாடிக்கொண்டு உயிர் வந்தது. அன்றிலிருந்து இந்த விளையாட்டுகளை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். மகள் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். மருமகன் கட்டுரைகள் அனுப்பினார். பேரன் தன் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியைக் கையில் கொடுத்து விளையாடவே வைத்துவிட்டான். எதைப் படித்தாலும் என் வகுப்பறையே கண்முன் வந்து நின்றது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நிண்டெண்டோ என்றால் ஏதோ கணினிக் காலத்துக் கம்பெனி என்றுதான் நினைத்திருந்தேன். அது தொடங்கியது 1889-ல். ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் ஹனஃபுடா என்ற பூப்படச் சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்க ஆரம்பித்த கடை. அவருடைய கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமாவுச்சி 1949-ல் பொறுப்புக்கு வந்தார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். சீட்டுக்கட்டு வியாபாரம் படுத்தபோது டாக்சி ஓட்டிப் பார்த்தார்கள், உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் 1965-ல் குன்பெய் யோக்கோய் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை. பொழுது போகாமல், கத்திரி மாதிரி மடங்கி நீளும் ஒரு மரக் கையைச் செய்தார். பிடியை அழுத்தினால் கை நீண்டுபோய்த் தூரத்தில் இருக்கும் பொருளைப் பிடிக்கும். அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவரை முதலாளி யமாவுச்சி பார்த்துவிட்டார். அறைக்கு வரச் சொன்னார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் விளையாட்டுச் சாமானும் கையுமாகப் பிடிபட்டவன் ஒருவன். பிடித்தவர் சாதாரண ஆளில்லை. யமாவுச்சி கண்டிப்புக்குப் பேர்போனவர், அவருக்கு எதிரே நிற்கவே நடுங்குவார்களாம். யோக்கோயும் திட்டு விழும் என்றுதான் உள்ளே போயிருக்கிறார். முதலாளி, "இதை விற்கிற மாதிரிச் செய்" என்று சொல்லி அனுப்பினார். 1966-ல் அது 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. சீட்டுக்கட்டுக் கம்பெனி பொம்மைக் கம்பெனியாக மாறியது அந்த மரக் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

நான் பேட்டரியைக் கழற்றினேன். அவர் பொருளை எடுத்துப் பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

யோக்கோயின் கதை அதோடு முடியவில்லை. ஒருநாள் ரயிலில் போகும்போது, எதிரே ஒரு அலுவலக ஊழியர் சும்மா இருக்க முடியாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே வருவதைப் பார்த்தார். பெரியவர்களுக்கும் பொழுது போக ஒரு சின்னப் பொருள் வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சமயம் ஜப்பானில் கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டு உற்பத்தி செய்ததில், அந்தத் திரைகள் மலிந்து கிடந்தன. அதே திரையை வைத்து 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டைச் செய்தார். இரண்டு வருடம் கழித்து அதில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பொத்தான் வைத்தார். மேல், கீழ், இடம், வலம் எல்லாம் ஒரே கட்டைவிரலுக்குள். பின்னால் வந்த எத்தனையோ கருவிகளில் அந்தக் கூட்டல் குறி வந்துகொண்டே இருக்கிறது.

அவருடைய கொள்கை இது: பழசாகி மலிவாகிப் போன தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள், யாரும் யோசிக்காத விதத்தில் அதைப் பயன்படுத்து. 1989-ல் அவருடைய குழு 'கேம் பாய்' கருவியைக் கொண்டுவந்தபோது இதன் அர்த்தம் உலகத்துக்கே புரிந்தது. திரையில் வண்ணம் கிடையாது, பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. அடுத்த வருடமே 'சேகா' கம்பெனி வண்ணத் திரையோடு 'கேம் கியர்' கொண்டுவந்தது. பார்க்க அழகு. ஆனால் ஆறு பேட்டரி வேண்டும், அதுவும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேட்டரிக்குக் காசு கேட்டு அப்பாவிடம் நிற்க வேண்டிய பிள்ளைக்கு எது முக்கியம்? கேம் கியர் ஒரு கோடி சொச்சம் விற்றது. கேம் பாய், பின்னால் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து, சுமார் 11 கோடியே 87 லட்சம் விற்றது. நம்மிடம் வெண்கட்டியும் கரும்பலகையும்தான் இருக்கிறது என்று ஆசிரியர் அறையில் புலம்பிய நாட்களை நினைத்துக்கொண்டேன். குறை வெண்கட்டியில் இல்லை.

அடுத்து மரியோ. மீசைக்காரர், சிவப்புத் தொப்பி. உங்களில் பலர் ஊர் டிவியில் கேசட் போட்டு விளையாடியிருப்பீர்கள். அவை பெரும்பாலும் நகல்கள். அசல் 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. அதைச் செய்த ஷிகெரு மியாமோட்டோ தொழில்துறை வடிவமைப்பு படித்தவர், கணினி நிரல் எழுதுகிறவர் இல்லை. அவருடைய அப்பா ஆங்கில ஆசிரியர். தெரிந்தவர் மூலமாக யமாவுச்சியிடம் சொல்லி 1977-ல் மகனுக்கு வேலை கேட்டது அந்த அப்பாதான். ஊருக்கு ஊர் வாத்தியார்கள் ஒரே மாதிரிதான்!

பேரன் அந்தப் பழைய மரியோவைத்தான் என்னிடம் கொடுத்தான். "எப்படி விளையாடணும்?" என்றேன். "சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க" என்றான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எதிரிலிருந்து காளான் மாதிரி ஏதோ ஒன்று முறைத்துக்கொண்டு நடந்து வந்தது. பூச்சியமோ பொம்மையோ என்று நான் யோசிப்பதற்குள் மோதியது. செத்தேன். உடனே திரும்பவும் அதே இடம். இந்த முறை குதித்தேன். குதித்ததில் தலை மேலே இருந்த கேள்விக்குறிப் பெட்டியில் முட்டி, காசு விழுந்தது. அடுத்ததை முட்டினால் நிஜக் காளான் ஒன்று வெளியே வந்து வலப்பக்கம் ஓடியது. இதுவும் கொல்லும் என்று பயந்தேன். அது குழாயில் இடித்துத் திரும்பி என்னை நோக்கியே வந்தது. தலைக்கு மேலே பெட்டிகள் இருப்பதால் தாண்டிக் குதிக்கவும் சரியாக வரவில்லை. பட்டுவிட்டது. பார்த்தால் மரியோ பெரிய ஆளாகிவிட்டார்!

அரை நிமிடத்துக்குள் நான் எத்தனை பாடம் படித்துவிட்டேன் என்று எண்ணிப் பாருங்கள். வலப்பக்கம் போக வேண்டும். முறைக்கிறவன் எதிரி. கேள்விக்குறியை முட்டினால் ஏதாவது கிடைக்கும். காளான் நல்லது. ஒரு வரி விளக்கம் இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. அந்தக் கட்டத்தின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். இடையில் விழுந்தால் கீழே தரை இருக்கிறது, ஒன்றும் ஆகாது. கொஞ்ச தூரம் போனால் அதே மாதிரி இன்னொரு ஜோடிப் படிக்கட்டு. அங்கே இடையில் பள்ளம். முதலில் தவறு செய்ய இடம் கொடுத்துவிட்டு, பிறகுதான் தேர்வு வைக்கிறார் மனிதர். பி.எட். படிப்பில் ஒரு வருடம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் இரண்டு படிக்கட்டில் சொல்லிவிட்டார். அதையும் நான் வகுப்பில் செய்தேனா? வருடக் கடைசியில் பள்ளத்தை மட்டும்தான் காட்டினேன். விழுந்தவனைப் பார்த்து வகுப்பைச் சிரிக்கவும் வைத்தேன்.

இன்னொரு விஷயம். அந்த விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. நம் குடும்ப வாட்சப் குழுவில் தினமும் நீங்கள் அனுப்பும் 'காலை வணக்கம்' ரோஜாப் படம் அதைவிடப் பெரியது. இடம் போதாமல் வானத்து மேகத்தையே நிறம் மாற்றித் தரையில் புதராக வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், இரண்டும் ஒரே உருவம்தான். சிக்கனத்தில் என் அம்மாவை நினைவுபடுத்தினார்கள்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். நிண்டெண்டோவுக்கு முன்னால் இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தது 'அட்டாரி' என்ற கம்பெனி. நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இரண்டு பேர் 1972-ல் தொடங்கியது. அந்த வருடமே இரண்டு மட்டையும் ஒரு பந்துமாக 'பாங்' வந்தது. 1976-ல் கம்பெனி 'வார்னர்' நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டைச் செய்தவரின் பெயரை எங்கேயும் போட மாட்டார்கள். ஒரே ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து முழுதாகச் செய்திருப்பார், ஆனால் டப்பாவில் கம்பெனியின் பெயர் மட்டும்தான்.

அங்கே வேலை செய்த வாரன் ராபினெட் என்பவர் தன் விளையாட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்தார். விளையாட்டு விற்பனைக்கு வந்த பிறகு விளையாடிய பிள்ளைகள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்னும் நான்கு பேர் 1979-ல் வெளியேறி 'ஆக்டிவிஷன்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். செய்தவரின் பெயரை டப்பாவிலேயே போட்டார்கள். கருவி செய்யும் கம்பெனியைச் சாராமல் விளையாட்டு மட்டுமே செய்யும் தொழில் அவர்களிடமிருந்துதான் கிளம்பியது. பெஞ்சில் பெயர் செதுக்கியதற்காக நான் உங்களில் எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறேன்! தன் பெயர் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையை நாம் கொடுக்கும் இடத்தில் கொடுத்திருந்தால் பெஞ்சு தப்பித்திருக்கும்.

அட்டாரி எப்படி விழுந்தது தெரியுமா? 1982-ல் 'ஈ.டி.' திரைப்படம் பெரிய வெற்றி. கிறிஸ்துமஸுக்குள் அந்தப் பெயரில் விளையாட்டு வேண்டும் என்றார்கள். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம்தான். விளையாடிய பிள்ளைகள் குழியில் விழுந்து விழுந்து வெறுத்துப்போனார்கள். விற்காமல் திரும்பி வந்த சரக்கை 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டி எடுத்துப் பார்த்தபோது கேசட்டுகள் கிடைத்தன. அந்த ஒரு விளையாட்டால் மட்டும் அட்டாரி விழவில்லை. தரம் பார்க்காமல் யார் யாரோ எதை எதையோ கடையில் குவித்ததில், அமெரிக்காவில் அந்த வியாபாரமே இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது. வார்ஷா பிற்காலத்தில் மனநல ஆலோசகராகிவிட்டார் என்று படித்தபோது ஆறுதலாக இருந்தது. தோல்வியை அவரைவிட அறிந்தவர் யார்?

அதே 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ தன் 'ஃபேமிகாம்' கருவியை வெளியிட்டது. முதலில் வந்தவற்றில் ஒரு சில்லு சரியில்லை, விளையாட்டு நடுவில் நின்றுவிடும். நல்ல விற்பனை நேரம் அது. விற்றவற்றைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுக்கச் சொன்னார் யமாவுச்சி. நஷ்டம்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே கருவியை 'என்.இ.எஸ்.' என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, படுத்துக் கிடந்த சந்தை எழுந்து உட்கார்ந்தது.

இந்தக் கம்பெனியின் பெரிய வெற்றிகள் பலவும் தோல்விக் கிடங்கிலிருந்து வந்தவை. 1980-ல் 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டு இயந்திரங்களில் 3,000 அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். விற்றது ஆயிரம். மீதி 2,000 பெட்டி கிடங்கில் தூங்கியது. அவற்றைத் தூக்கிப் போடாமல், உள்ளே வேறு விளையாட்டை வைக்கலாமே என்று அந்தப் பொறுப்பை அனுபவமில்லாத மியாமோட்டோவிடம் கொடுத்தார்கள். மேற்பார்வை நம் யோக்கோய். வந்தது 1981-ன் 'டாங்கி காங்'. அதில் ஏணி ஏறிக் குதித்த தச்சர்தான் பிற்பாடு மரியோ ஆனார். அமெரிக்காவில் கிடங்கை வாடகைக்கு விட்டவரின் பெயர் மரியோ, அதையே வைத்துவிட்டார்கள்.

பெயிலானவனிடம் மறுபடியும் பேப்பரைக் கொடுக்கும் இந்தக் குணத்தை நான் மிகத் தெளிவாகப் பார்த்தது சடோரு இவாடாவிடம். அவர் நிரல் எழுதுபவராக இருந்து மேலே வந்தவர். 1993-ல் 'ஹால்' என்ற சிறிய கம்பெனி கடனில் மூழ்கும் நிலையில் அதன் தலைவரானார். கடன் 150 கோடி யென். அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஒவ்வொரு ஊழியரையும் தனியாக உட்காரவைத்துப் பேசியது. பின்னாலும் அதைத் தொடர்ந்தார். 2002-ல் அவரையே தனக்கு அடுத்த தலைவராக்கினார் யமாவுச்சி. குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த முதல் ஆள்.

2012-ல் வந்த 'வீ யூ' கருவி சரியாகப் போகவில்லை. ஆட்களைக் குறைத்தால் கணக்கு நேராகும் என்று பங்குதாரர்கள் பக்கமிருந்து கேள்வி வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் மக்களை மகிழ்விக்கும் பொருளைச் செய்ய முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார் இவாடா. 2014-ல் ஐந்து மாதத்துக்குத் தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அடுத்த வருடம் ஜூலையில் 55 வயதில் இறந்துபோனார். அவர் காலத்தில் தொடங்கிய 'ஸ்விட்ச்' 2017-ல் வந்து 15 கோடிக்கு மேல் விற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. பேரன் என்னிடம் நீட்டிய கருவி அதுதான்.

பயத்தில் இருப்பவனால் நல்லதைச் செய்ய முடியாது. ஒரு கம்பெனி முதலாளிக்குத் தெரிந்த இது, கையில் பிரம்போடு நின்ற எனக்கு ஏன் தெரியவில்லை?

ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கம்பெனி என்றால் கம்பெனிதான். நாடு விட்டு நாடு மலிவாக வாங்கி விற்பதைத் தடுத்து ஐரோப்பாவில் விலையை உயர்த்தி வைத்ததற்காக 2002-ல் நிண்டெண்டோவுக்கு 14 கோடியே 90 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. யோக்கோய் செய்த 'வர்ச்சுவல் பாய்' 1995-ல் படுதோல்வி, பார்த்தவர்களுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அடுத்த வருடம் அவர் கம்பெனியை விட்டு வெளியேறினார். 1997-ல் சாலை விபத்தில் இறந்தார். பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கண்விழித்து விளையாடட்டும் என்றும் நான் சொல்லவில்லை. மருமகளே, நீ இதைப் படித்துவிட்டு அவன் பக்கம் பேசுவேன் என்று நினைத்துவிடாதே. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான்.

கடைசியாக, அந்த டப்பாவுக்கு வருகிறேன். அதில் இருந்தது டெட்ரிஸின் நகல். அசலைச் செய்தவர் அலெக்ஸி பஜித்னோவ், 1984-ல், மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில். அவர் பயன்படுத்திய கணினியில் படம் காட்டும் வசதிகூட இல்லை. அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டங்களாகக் காட்டினார். உரிமை அரசாங்கத்திடம் இருந்ததால் 1996 வரை அவருக்கு அதிலிருந்து பங்கு வரவில்லை. 1989-ல் அமெரிக்காவில் கேம் பாயை விற்றபோது ஒவ்வொன்றோடும் டெட்ரிஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். பிள்ளைகள் மட்டுமல்லாமல் அவர்கள் அம்மா அப்பாவும் வாங்க அது ஒரு காரணம்.

அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். நான்கு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் எத்தனை வடிவம் வரும்? புரட்டிப் போடலாம் என்றால் 5. திருப்பலாம், ஆனால் புரட்டக் கூடாது என்றால் 7. அந்த ஏழுதான் திரையில் விழுகின்றன. ஏழு துண்டுக்கு 28 சதுரம். 4-க்கு 7 செவ்வகத்திலும் 28 கட்டம். ஏழையும் ஒருமுறை வைத்து அதை நிரப்ப முடியுமா? முடியாது. கட்டங்களைச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளையாகத் தீட்டுங்கள். செவ்வகத்தில் கறுப்பு 14, வெள்ளை 14. ஆறு துண்டுகளை எப்படி வைத்தாலும் ஒவ்வொன்றும் 2 கறுப்பு, 2 வெள்ளையை மூடும். ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும் துண்டு மட்டும் 3-க்கு 1. கூட்டினால் 15-ம் 13-ம் வரும். 14-ம் 14-ம் வரவே வராது. நிரூபணம் முடிந்தது.

எவ்வளவு அழகான கணக்கு! அன்றைக்கு நான் பிடுங்கியதைக் கையில் வைத்துக்கொண்டே இதை அந்த வகுப்பில் போட்டிருக்கலாம். மூன்றாவது பெஞ்சுக்காரனைக் கரும்பலகைக்கு வரச் சொல்லி, ஏழு வடிவத்தையும் அவன் கையால் வரையச் சொல்லியிருக்கலாம். 10-க்கு 20, இருநூறு கட்டம் கொண்ட திரையில் விழும் துண்டை அரை நொடியில் மனசுக்குள் திருப்பிப் பார்த்து இடம் கண்டுபிடிக்கிறவனுக்குக் கணக்கு வராது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவன் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

அந்த மாணவனுக்கு:

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும். இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருப்பாய். இந்தக் குழுவில் இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. உன் வகுப்புத் தோழர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் பெயரைக் கமெண்ட்டில் போடாதீர்கள். அவனிடம் தனியாகச் சொல்லுங்கள்.

வகுப்பில் விளையாடியது உன் தப்பு. பேட்டரியைக் கழற்றியது என் தப்பு. அதுவும் நீ கேட்டுக்கொண்ட பிறகு, எல்லோரும் பார்க்க, சிரிப்பதற்காகச் செய்தேன். அதனால்தான் இதையும் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் பொருள் பத்திரமாக இருக்கிறது. புது பேட்டரி போட்டிருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. வந்து வாங்கிக்கொள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வா, இங்கே சாப்பிடலாம்.

வரும்போது ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு உன் ஸ்கோர் எவ்வளவு இருந்தது?

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்